மூன்றாம் அடுப்பும் முத்திரை போட்ட புறாக்களும்

மூன்றாம் நம்பர் காற்றடுப்பு நடுங்குகிறது என்று கெங் பாவ்தியான் எழுதிக் கொடுத்த தாள்கள் மொத்தம் பதினேழு. பதினாறுக்குப் பதில் வரவில்லை. பதினேழாவதற்கு வந்தது. காது ஆஸ்பத்திரிக்குப் போய் வா என்று வந்தது.

கெங்குக்கு ஐம்பத்து நாலு வயசு. முப்பத்தோரு வருஷமாகக் காற்றடுப்பில்தான் வேலை. ஊதுலையில் இரும்பு உருக வேண்டுமானால் உள்ளே ஊதுகிற காற்று ஆயிரத்து இருநூறு டிகிரிக்குக் கொதித்திருக்க வேண்டும். அந்தக் காற்றைச் சூடாக்கத்தான் உலைக்குப் பக்கத்தில் பதினாலு மாடி உயரத்துக்கு மூன்று இரும்புக் கோபுரங்கள். அதுதான் காற்றடுப்பு. உள்ளே முழுக்கத் தேன்கூடு மாதிரி ஓட்டை போட்ட செங்கல். உலையிலிருந்து வருகிற கேஸை உச்சியில் கொளுத்திச் செங்கலைக் காய்ச்ச வேண்டியது, பிறகு கேஸை மூடிவிட்டுப் பச்சைக் காற்றை அதற்குள் விட்டுச் சூடேற்றி உலைக்கு அனுப்ப வேண்டியது. மூன்றும் முறை வைத்துக்கொண்டு இதைச் செய்யும். அவ்வளவுதான் விஷயம். வடசீனத்து ஹெபெய்யில் எந்த உருக்காலையில் கேட்டாலும் அடுப்புக்காரன் ஒரு சிகரெட் பிடிக்கிற நேரத்தில் சொல்லிவிடுவான். வடிவமைப்பு நிறுவனத்துக்காரர்களுக்கு மட்டும் இதைச் சொல்ல நானூற்றுப் பன்னிரண்டு பக்கம் வேண்டியிருந்தது.

அந்த நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தை வைத்துப் போன வசந்தத்தில் கட்டியதுதான் மூன்றாம் அடுப்பு. கேஸ் ஒரு பக்கம் வரும், காற்று ஒரு பக்கம் வரும், ரெண்டும் உச்சியில் சுழன்று ஒன்றுக்குள் ஒன்று புகுந்தால்தான் முழுசாக எரியும். பழைய ரெண்டு அடுப்பிலும் அப்படித்தான். புதுசில் பர்னரின் வாயைத் தேவைக்கு மேல் அகலமாக வரைந்துவிட்டார்கள். கேஸும் காற்றும் பகையாளிகள் மாதிரி ஆளுக்கொரு ஓரமாகப் போயின. தீ ஏறும், விழும், மறுபடி ஏறும். கொளுத்தினால் பதினாலு மாடிக் கோபுரமும் மேட்டில் ஏறுகிற மூன்று சக்கர டீசல் வண்டி மாதிரி துப்துப்பென்று உதறும். உதறி உதறி அடிக்குழாயின் ஒட்டு விரிசல் விட்டது. விரிசல் வழியாக எரியாத கேஸ் கசிந்தது. கசிந்த இடத்திலிருந்து ஏழு அடியில் ஆட்கள் உட்காரும் குடிசை.

அந்தக் கேஸுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. அக்டோபரில் ஒரு மத்தியானம், மீட்டர் பார்க்கிற ஹுய்லிங் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துவிட்டாள். கெங் அவளைக் காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார். ஒரு மணி நேரம் கழித்து எழுந்து உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். ஆலைப் பதிவில் இப்படி ஏறியது: தொழிலாளி சாப்பிடும்போது தூங்கினார், கண்டிக்கப்பட்டார்.

கெங் கேட்டது பெரிசு ஒன்றுமில்லை. அடுப்பை நிறுத்தி ஆற விடுங்கள், பர்னர் வாயைச் சுற்றி ஒரே ஒரு வரிசை செங்கல் வையுங்கள், வாய் குறுகும், கேஸும் காற்றும் மோதிக் கலக்கும், உதறல் நிற்கும், பிறகு குழாயை ஒட்டிவிடலாம். ஆனால் செங்கல் வைத்தால் வரைபடம் மாறும். வரைபடம் மாற நிறுவனம் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போட்டால் வரைபடத்தில் தப்பு இருந்தது என்று ஆகும். அதனால் காதைச் சோதிக்கச் சொன்னார்கள்.

காது டாக்டர் ரெண்டு காதிலும் ஒலியை விட்டுப் பார்த்து எழுதிக் கொடுத்தார். இடது காது மந்தம். வலது காது தெளிவு. நிறுவனம் அதைப் படித்துவிட்டு முடிவு எழுதியது: இடது காது மந்தம் என்பதால் அவர் கேட்டதாகச் சொல்வதை ஏற்க இயலாது. வலது காது வடிவமைப்புக்கு மேற்பட்டுக் கேட்கிறது.

"அப்ப காதை ரிப்பேர் பண்ணணுமா, அடுப்பை ரிப்பேர் பண்ணணுமாங்க?" என்று கெங் டாக்டரிடம் போய்க் கேட்டார்.

"அடுப்பு நம்ம டிபார்ட்மெண்டுல வராதுங்க," என்றார் டாக்டர். படித்தவர்களில் இந்த விவகாரம் முழுக்க உண்மை பேசியது அந்த ஒரு ஆள்தான்.

கேஸ் அடிக்கிற இடத்துக்குள் நுழையுமுன் கூண்டோடு புறாவை வைத்துப் பத்து நிமிஷம் பார்ப்பது அந்த ஆலையில் பழைய வழக்கம். சட்டையில் குத்திக்கொள்ளும் கேஸ் மீட்டரும் கொடுத்திருந்தார்கள். ஆனால் மூன்றாம் அடுப்பு வந்ததிலிருந்து அது நாள் முழுக்கக் கத்தியது. கத்துவது வேலைக்கு இடைஞ்சல் என்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போனார்கள், சரிபார்த்துத் தருகிறோம் என்று. திரும்பி வரவில்லை. மிச்சம் இருந்தது கெங் வளர்த்த ஒன்பது புறா.

காது அறிக்கை வந்த மறுநாள் கெங் ஒரு புறாவைக் கொண்டுபோய்ப் பிரிவுத் தலைவர் தாவின் மேஜைமேல் வைத்தார். தாவ் கெட்டவர் இல்லை. கையெழுத்துப் போட வேண்டாத வரைக்கும் அவரும் எல்லாரையும் போல மனுஷன்தான்.

"இதென்னண்ணே, டீ டம்ளருக்குப் பக்கத்துல?"

"புறா. காலையில குடிசையில வெச்சேன். பத்து நிமிஷத்துல இப்படி ஆயிடுச்சு."

தாவ் டம்ளரைத் தள்ளி வைத்தார். "நான் நம்புறேண்ணே. ஆனா நிறுவனத்துக்கு என்னன்னு எழுதறது? புறா செத்துப்போச்சுன்னா?"

"அதானே நடந்துச்சு."

"எந்தக் கருவியால அளந்தீங்கன்னு கேப்பாங்க."

"புறாவாலதான்."

"புறாவுக்குச் சான்றிதழ் இருக்கான்னு கேப்பாங்க."

கெங் இதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்துவிட்டு வந்தார். நாலாம் நாள் சான்றிதழ் கேட்டே கடிதம் வந்தது. மீதி எட்டுப் புறாவையும் அட்டைப் பெட்டியில் போட்டு நகரத்து அளவுச் சரிபார்ப்பு அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். ரெண்டு வாரம் கழித்துத் திரும்பின. ஒவ்வொன்றின் காலிலும் முத்திரை குத்திய தகர வளையம். கூடவே ஒரு தாள். கருவியின் பெயர்: புறா. அளவு வரம்பு: உயிரோடு முதல் இறந்தது வரை. மிக நுண்ணிய அளவு: ஒரு புறா. இறந்த பின் மறுபடி அளக்க இயலாது, ஆகவே துல்லியம் நிரூபிக்கப்படவில்லை. சட்டபூர்வப் பயன்பாட்டுக்குத் தகுதியில்லை.

"வளையத்தைப் போட்டுட்டு எதுக்குத் தகுதியில்லைங்கறான்?" என்று ஹுய்லிங் கேட்டாள்.

"வளையம் சோதிச்சதுக்கு. தகுதி வேற ஜன்னல்ல குடுப்பாங்களா இருக்கும்," என்றார் கெங்.

அந்த வாரமே வடிவமைப்பு நிறுவன இயக்குநர் ஓயாங் நேரில் வந்தார். தலைமுடி புது ஷூ மாதிரிக் கறுப்பு. கை ரெண்டும் வேகவைத்த ரொட்டி மாவு மாதிரி வெள்ளை. மூன்றாம் அடுப்பை அண்ணாந்து பார்த்தார். அது அப்போது கொளுத்தியிருந்தது, தலையில் ஹெல்மெட்டும் வாயில் பல்லும் கடகடக்கிற மாதிரி உதறிக்கொண்டிருந்தது.

"இது நடுக்கம் இல்ல தோழர் கெங். இது உற்சாகம்," என்றார். "புது அடுப்பு. போகப் போக அடங்கும்."

"எரியாத கேஸ் வெளிய வருதுங்க."

"எரியாத கேஸ்னு எங்க வரைபடத்துல ஒண்ணு கிடையாது. முழு எரிதல்னு போட்டிருக்கு, நூறு சதவீதம். வரைபடத்துல இல்லாதது அடுப்புல எப்படி வரும்? சொல்லுங்க, நானும் கத்துக்கறேன்."

ஹுய்லிங் குடிசை வாசலில் நின்று, "உள்ள வாங்க சார், டீ ஆறிடும்," என்றாள்.

ஓயாங் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். "வேண்டாம், வேண்டாம். இங்கயே காத்து நல்லா இருக்கு," என்றார், நாற்பது அடி தள்ளி நின்று. நூறு சதவீதத்தை நம்பியவர் அந்த நாற்பது அடியை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

டிசம்பரில் மதிப்பீட்டுக் கூட்டம் வைத்தார்கள். வாசலில் சிவப்புத் துணி: நிலையான, முழுமையான எரிதல் தொழில்நுட்ப மதிப்பீட்டுக் கூட்ட நிபுணர்களை உளமார வரவேற்கிறோம். நிபுணர்கள் பதினோரு பேர். அவர்கள் பெயர் எழுதிய அட்டையை எந்த வரிசையில் நிற்க வைப்பது என்பதற்கு மட்டும் ரெண்டு நாள் போனது. பர்னர் வாயின் அகலத்துக்கு அதில் பாதி நேரம் கொடுத்திருந்தால் ஹுய்லிங் அன்றைக்கு நூடுல்ஸை முடித்திருப்பாள்.

அன்று காலை ஒன்பது மணிக்குத் தாவ் ஓடி வந்தார். "அண்ணே, மூணாம் நம்பருக்குக் கேஸை மூடிடுங்க. உதறினா கூட்ட அறையில டீக் கோப்பை மூடியெல்லாம் கிணுகிணுங்கும்."

"அப்ப அவங்களுக்கு எதைக் காட்டறீங்க?"

"அடுப்பை."

"எரியாத அடுப்பையா?"

"எரியுதான்னு யாரும் கேக்க மாட்டாங்கண்ணே. அது மரியாதையா இருக்காது."

கெங் கேஸை மூடினார். கோபுரம் அடங்கியது. பத்து மணிக்குப் பதினோரு வெள்ளை ஹெல்மெட்டுகள் லிஃப்டில் ஏறி உச்சி மேடைக்கு வந்தன. தலைமை நிபுணர் பேராசிரியர் மெய் நீலக் கண்ணாடி வைத்துப் பார்வைத் துளையில் கண்ணைப் பொருத்தினார். உள்ளே செங்கல் ஆரஞ்சு நிறத்தில் சும்மா கனன்றுகொண்டிருந்தது.

"என்ன அமைதி," என்றார். "முப்பது வருஷத்துல இப்படி அசையாத தீயை நான் பாத்ததில்ல."

அடுத்தவர் பார்த்தார். "தீயே தெரியலையே?"

"முழுசா எரிஞ்சா தெரியாது," என்றார் ஓயாங். "கண்ணுக்குத் தெரியற தீ எல்லாம் எரிஞ்சு முடியாத தீ."

பதினோரு பேரும் அதைக் குறித்துக்கொண்டார்கள்.

கெங்குக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, ஒன்பது மணிக்கே நான் கேஸை மூடிட்டேன்," என்றார்.

தாவ் வானத்தைப் பார்த்தார். பேராசிரியர் மெய் மட்டும் கனிவோடு திரும்பினார். கெங்கின் தோளில் கை வைத்தார். "பாருங்க தோழர்களே. அடுப்போட அடுப்பா வாழற மனுஷன். அவருக்கே எரியறது தெரியலைன்னா, அது எவ்வளவு நிலையா எரியணும்."

கை தட்டினார்கள். மேடையில் இருந்தது மொத்தம் ஆறு நிமிஷம்.

கூட்ட அறையில் கெங்கைத் தொழிலாளர் பிரதிநிதி என்று கடைசி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மதிப்பீட்டு முடிவு முந்தின வாரமே அச்சாகி முத்திரையோடு மேஜையில் இருந்தது. ஒரே ஒரு இடம் காலி: இந்தத் தொழில்நுட்பம் சர்வதேச அளவில், அதற்கப்புறம் கோடு. 'மேம்பட்டது' என்று போடுவதா, 'முன்னணி' என்று போடுவதா? இதை ஒரு மணி நாற்பது நிமிஷம் பேசினார்கள். கேஸ் என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை. மேம்பட்டது என்று போட்டால் நமக்கு மேலே எவனோ இருக்கிறான் என்று ஆகிவிடும், அது நாட்டுக்கு நல்லதல்ல என்று ஒருவர் கண் கலங்கினார். முன்னணி என்று முடிவானது. கெங் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கை தட்டச் சொன்னபோது தட்டவில்லை. ஆனால் தட்டியதாகத்தான் பதிவாகியிருக்கிறது.

பிறகு மூன்றாம் அடுப்பின் அடியில் கூட்டுப் படம். படக்காரன் எல்லாரையும் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஓயாங்குக்கு யோசனை வந்தது. "இங்க புறா இருக்காமே. பறக்க விடுங்க. பின்னால நீல வானம், நல்லா வரும்."

"காலையில அடுப்பு எரிஞ்சப்ப அதுங்க குடிசையில இருந்துச்சுங்க," என்றார் கெங். "இப்ப நிக்கறதே பெருசு."

"வெட்கப்படாதீங்க தோழர் கெங்."

கூண்டைத் திறந்தார்கள். முதல் புறா வாசலில் வந்து நின்றது, யோசித்தது, இறங்கி உட்கார்ந்தது. நாலு அதன் பின்னால் வந்து வெயிலில் குறுகிக்கொண்டன. ரெண்டு வரவேயில்லை. கடைசிப் புறா ஒன்று றெக்கையை அடித்து ஒரு ஆள் உயரம் ஏறியது, அங்கிருந்து ஈரத் துணி மாதிரி ஓயாங்கின் ஷூ மேல் விழுந்தது. படக்காரன் அந்த நேரம் பார்த்து அழுத்திவிட்டான்.

கூட்டக் குறிப்பில் எழுதினார்கள்: புறாக்கள் ஆலையை விட்டுப் பிரிய மனமின்றி இருந்தன.

நிபுணர்கள் கடல் அட்டை விருந்து சாப்பிடப் போனார்கள். கெங் செத்த மூன்று புறாவையும் சிமெண்ட் சாக்கில் சுற்றி வைத்துவிட்டுக் குடிசைக்கு வந்தார். ஹுய்லிங் ஸ்டூலைப் பாதி வாசலுக்கு வெளியே போட்டு, அந்தக் குளிரில் தலையை வெளியே நீட்டி உட்கார்ந்து கழுதைக்கறி ரொட்டி தின்றுகொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதா அண்ணே? ரெண்டு மணிக்குத் திரும்பக் கொளுத்தணுமாம். போன் வந்துச்சு."

"உனக்கு ஷிஃப்ட் எத்தனை மணி வரைக்கும்?"

"நாலு. என்ன, இன்னைக்கு எழுந்திருக்க மாட்டேன்னு நினைக்கறீங்களா?" என்று சிரித்தாள். கையில் ரொட்டி நடுங்கியது. அக்டோபரிலிருந்து அந்தக் கை அப்படித்தான்.

கெங் தன் பெட்டியைத் திறந்து பலகையை எடுத்தார்.

ஆலையில் ஒவ்வொருவருக்கும் ஒரு சிவப்புத் தகரப் பலகை உண்டு. ஆள் உள்ளே வேலை செய்கிறார், திறக்காதே என்று எழுதி, கீழே பெயரும் நம்பரும் இருக்கும். வால்வை மூடிவிட்டு அதன் சக்கரத்தில் மாட்டிவிட்டால், மாட்டினவன்தான் கழற்ற வேண்டும். எட்டு வருஷத்துக்கு முன் எவனோ இன்னொருவன் பலகையைக் கழற்றி வால்வைத் திறந்ததில் ரெண்டு பேர் குழாய்க்குள்ளேயே செத்தார்கள். அப்போது ஆலை அதிபர் வரை மூன்று நாற்காலி கவிழ்ந்தது. செத்த ரெண்டு பேர் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. கவிழ்ந்த நாற்காலி மூன்றும் எல்லாருக்கும் ஞாபகம். அதிலிருந்து மேலதிகாரிகள் அந்தப் பலகையைக் கண்டால் ஒரு அடி தள்ளித்தான் நடப்பார்கள்.

கெங் மூன்றாம் அடுப்பின் கேஸ் வால்வில் தன் பலகையை மாட்டினார்.

ரெண்டு மணிக்குத் தாவ் வந்தார். பின்னாலேயே, வாயைத் துடைத்துக்கொண்டு ஓயாங்.

"அண்ணே, கழட்டுங்கண்ணே."

"ஆள் உள்ள வேலை செய்யறாரு."

"யாரு?"

"பலகையில பேர் இருக்கு. நான்தான்."

"நீங்க இங்க நிக்கறீங்களேண்ணே."

"எரியாத அடுப்பு எரியறப்ப, வெளிய நிக்கற நான் உள்ள இருக்கக் கூடாதா?"

தாவ் கையைப் பிசைந்தார். "உள்ள என்ன வேலை? எப்ப முடியும்?"

"பர்னர் வாய்க்கு ஒரு வரிசை செங்கல். நிறுவனம் கையெழுத்துப் போட்டா ஆரம்பிப்பேன். முடிஞ்சதும் கழட்டிடுவேன். இல்ல, நீயே கழட்டு தாவ். நான் கையைப் பிடிக்க மாட்டேன்."

தாவ் ஒரு அடி பின்னால் போனார்.

ஓயாங் கையெழுத்துப் போட முடியாது. போட்டால் காலையில் முன்னணியாக இருந்தது மத்தியானம் தப்பாகிவிடும். பலகையைத் தொடவும் முடியாது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். திறந்தபோது முகத்தில் வெளிச்சம்.

"விடுங்க தாவ். அப்படியே இருக்கட்டும். சோதனைக் காலம் ஒரு வருஷம். தினமும் புகைபோக்கியில அளந்து அனுப்புங்க."

"எரியாமலேயாங்க?"

"தரவு எப்படி வருதுன்னு பாப்போம்."

தரவு அபாரமாக வந்தது. எரியாத கேஸ்: சுழி. நடுக்கம்: சுழி. மூன்று மாதம், ஆறு மாதம், எல்லாம் சுழி. உலகத்தில் எந்த அடுப்பும் அப்படிக் கொடுத்ததில்லை. உலைக்குச் சூடு போதாமல் மற்ற ரெண்டு அடுப்பும் நாக்குத் தள்ளியதையும், உலை கூடுதலாகக் கரி தின்றதையும் வேறு இலாகா எழுதியது, வேறு அலமாரியில் வைத்தது. ஆறிப்போன உச்சிச் செங்கல் ஒருநாள் விரிசல் விட்டு உள்ளே சரிந்தது. ஆலை முழுக்கக் கேட்டது அந்தச் சத்தம். அடுப்பு தன்னைத் தானே சீர்செய்துகொள்கிறது என்று பதிவானது. மாகாண முதல் பரிசு வந்தது. பித்தளைத் தகடு ஒன்றை அடுப்பின் இடுப்பில் பற்றவைத்தார்கள். பலகைக்காகக் கெங்கை அடுப்பிலிருந்து மாற்றி முற்றம் பெருக்க விட்டார்கள். அவர் பெருக்கினார். குடிசையில் ஷிஃப்ட் ஆட்கள் நாலு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு கதகதப்பாகச் சாப்பிட்டார்கள்.

கெங் ஓய்வு பெறுகிற வாரம் பக்கத்து மாகாணம் ஷான்சியிலிருந்து ஒரு உருக்காலைக் குழு அடுப்பைப் பார்க்க வந்தது. பிழைத்த ஐந்து புறாவில் ஒரு ஜோடி மூன்றாம் அடுப்பின் வால்வு மேடையில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருந்தது. ஓயாங் அதைக் கை நீட்டிக் காட்டினார்.

"எண்களை விடுங்க தோழர்களே. அந்தப் புறாவைப் பாருங்க. விஷக் கேஸ் ஒரு துளி இருந்தா அது முட்டை வைக்குமா? மீட்டரை ஏமாத்தலாம். புறா பொய் சொல்லாது."

கெங் துடைப்பத்தில் சாய்ந்து நின்று கேட்டார். காறித் தரையில் துப்பினார். தான் துப்பியதைத் தானே பெருக்கினார்.

தாவ் அவர் பக்கத்தில் வந்து கிசுகிசுத்தார். "அண்ணே, ஓய்வுக்குப் பலகையை ஒப்படைக்கணும். இல்லாட்டி ஃபைல் முடியாது."

கெங் ஏறிப்போய்த் தன் பலகையைக் கழற்றினார். அதன் பின்னால் இன்னொரு பலகை தொங்கியது. ஹுய்லிங் பெயர். எப்போது மாட்டினாள் என்று யாருக்கும் தெரியாது. அவள் ஓய்வு பெற இன்னும் பத்தொன்பது வருஷம் இருந்தது. பின்னாலேயே ஏறி வந்த தாவ் அதைப் பார்த்து, யாரும் பார்க்காத ஒரு நொடியில், நிம்மதியாக மூச்சு விட்டார்.

கீழே குழுவில் எல்லாரும் தகட்டைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, ஒரு ஆள் மட்டும் தனியாக நின்றான். புருவம் பாதி கருகியவன். ஊரில் அவனும் அடுப்புக்காரன். கையுறையைக் கழற்றி இரும்பில் உள்ளங்கையை வைத்தான். வைத்தபடியே இருந்தான்.

"இது எரியலையே," என்றான், இறங்கி வந்த கெங்கிடம், உதடு அசையாமல்.

"பதினோரு மாசமா."

"எரிஞ்சப்ப?"

கெங் குடிசையைக் காட்டினார். "இங்க ஒரு பொண்ணு செத்துப் பிழைச்சா."

அந்த ஆள் கையை எடுக்கவில்லை. "நேத்து ராத்திரி விருந்துலயே கையெழுத்துப் போட்டுட்டாங்க. எங்களுக்கு இதே மாதிரி நாலு."

"பர்னர் வாய்க்கு ஒரு வரிசை செங்கல் வைக்கச் சொல்லு."

"சொன்னா கேப்பாங்களா?"

"காது ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க," என்றார் கெங்.

அவர் பின்னால் போய், மிச்சம் இருந்த புறாவில் ரெண்டைப் பிடித்துச் சின்னக் கூண்டில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். "குடிசையில வை. அது உக்காந்துடுச்சுன்னா நீ உக்காராத. எல்லாரையும் இழுத்துட்டு ஓடு."

பஸ் படியில் அவர்களுடைய தலைவர் மறித்தார். "என்னய்யா இது, பஸ்சுக்குள்ள?"

"கருவிங்க," என்றான் அந்த ஆள். புறாவின் காலைத் தூக்கி வளையத்தைக் காட்டினான். தலைவர் குனிந்து அரசு முத்திரையைப் பார்த்தார், நிமிர்ந்தார், வழி விட்டார்.

பஸ் கேட்டைத் தாண்டும் வரை கெங் பார்த்துக்கொண்டு நின்றார். அடுப்பு நாலு. புறா ரெண்டு.